மில்டன் ரோகோவின் எடுத்த உழைப்பாளர் படங்கள்: ஓர் உரையாடல்

ஆலைச்சங்கு எழுதியது:

உழைக்கும் மக்களைப் படமெடுத்தவர்களைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம் லூயிஸ் ஹைன், டோரத்தியா லாங், செபாஸ்தியோ சல்காடோ என்ற மூன்று பெயர்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவர்களுடைய பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே வரிசையில் வைத்துப் பேச வேண்டிய இன்னொருவர் இருக்கிறார் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் உள்ள பஃபலோ நகரத்தில் கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் தொழில் செய்துகொண்டே, தம் கடைக்குப் பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்தவர்களையும் அந்நகரத்து எஃகு ஆலைத் தொழிலாளர்களையும் ஆண்டுக்கணக்கில் படமெடுத்த மில்டன் ரோகோவின்தான் அவர்.

1909 டிசம்பர் 30 அன்று நியூயார்க் நகரத்தில், லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1931இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கண் பரிசோதனைப் படிப்பை முடித்து வெளியே வந்தபோது நாடு பொருளாதாரப் பெருமந்தத்தின் பிடியில் இருந்தது. வேலை கிடைக்காமல் அலைந்ததும், தந்தையின் சிறு வணிகம் நொடித்துப் போனதைக் கண்டதும் அவரை இடதுசாரி அரசியலுக்குக் கொண்டுவந்தன. 1938இல் பஃபலோவுக்கு வந்து, மறு ஆண்டே சொந்தமாகக் கடை திறந்தார். 1942இல் ஆன் என்ற ஆசிரியையை மணந்துகொண்டார். அதே ஆண்டில்தான் கேமராவும் வாங்கினார். பிறகு போர்க்காலத்தில் படையில் கண் பரிசோதகராகப் பணியாற்றித் திரும்பினார்.

பஃபலோ கம்யூனிஸ்ட் கட்சியின் நூலகப் பொறுப்பைக் கவனித்து வந்த அவரை, 1957இல் அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு அழைத்துக் கேள்வி கேட்டது. அவர் பதில் சொல்ல மறுத்தார். உள்ளூர் நாளேடு அவரை நகரத்தின் தலைமைச் சிவப்பர் என்று தலைப்பிட்டு எழுதியது. கடைக்கு வருவோர் வெகுவாகக் குறைந்தனர். பழகியவர்களில் பலர் விலகிப் போயினர். ஆனின் சம்பளமே குடும்பத்தைத் தாங்கியது. பேச்சு மறுக்கப்பட்ட நிலையில், சொல்ல நினைத்ததைப் படங்களின் வழியே சொல்ல முடியும் என்று அவர் முடிவெடுத்த காலம் அது. மறு ஆண்டே, இசைப் பேராசிரியர் வில்லியம் டால்மேஜ் பஃபலோவின் கறுப்பின மக்கள் கடை அறைகளில் நடத்தி வந்த சிறு தேவாலயங்களில் பாடல்களைப் பதிவு செய்யப் போனபோது, படமெடுக்கத் துணைக்குச் சென்றார். பேராசிரியரின் வேலை முடிந்த பிறகும் இவர் அங்கே போவதை நிறுத்தவில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார். அந்தப் படங்கள் 1962இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸின் முன்னுரையுடன் அபெர்ச்சர் என்ற ஒளிப்பட இதழில் வெளிவந்தன.

நான் விவாதிக்க விரும்புவது அவருடைய முறையை. எடுக்கப்படுபவர் அறியாமல் அவர் படமெடுப்பதில்லை. எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது, எதை உடுத்துவது, யாரை அருகில் அழைத்துக்கொள்வது என எல்லாவற்றையும் எடுக்கப்படுபவரே முடிவு செய்தார். கேமராவைப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டுக்கொண்டது. ஆவணப் படம் என்றால் அறியாத கணத்தைப் பிடிப்பது என்று பழகிவிட்ட நமக்கு இந்த முறை என்ன சொல்கிறது? என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரோகோவினின் படங்களுக்கு உள்ள உரம், அவை முதலில் எடுக்கப்பட்டவருக்கே சொந்தமாக இருந்ததிலிருந்து வருகிறது.

இருட்டறை எழுதியது:

நல்ல இழை, ஆலைச்சங்கு ஐயா. நீங்கள் குறிப்பிட்ட முறையை அவருடைய கருவிகளிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பது, ஃபிலிம் சுருளில் படமெடுத்துப் பழகியவன் என்ற முறையில் என் கருத்து.

அவர் கையாண்டது ரோலிஃப்ளெக்ஸ் என்ற இரட்டை லென்ஸ் கேமரா. மேலுள்ள லென்ஸ் பார்ப்பதற்கு, கீழுள்ள லென்ஸ் படம் பதிவதற்கு. அதைக் கண்ணருகே தூக்கிப் பிடிப்பதில்லை. வயிற்றருகே வைத்துக்கொண்டு, மேலே திறந்திருக்கும் சதுரமான பனிக்கண்ணாடித் திரையைக் குனிந்து பார்க்க வேண்டும். அதில் தெரியும் உருவம் நேராக நிற்கும், ஆனால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருக்கும். ஆகவே படமெடுப்பவர் அவசரப்பட முடியாது. எதிரே நிற்பவருக்குத் தெரிவது தன்னைக் குறிபார்க்கும் ஒரு கண் அல்ல, தலை குனிந்து நிற்கும் ஒரு மனிதர். லென்ஸும் எடுக்கப்படுபவரின் நெஞ்சுக்கு நேராக, சற்றுத் தாழ்ந்தே இருக்கும் என்பதால் படத்தில் அவர் நிமிர்ந்து தெரிவார். லென்ஸுக்குள்ளேயே அமைந்த ஷட்டர் என்பதால் கிளிக் ஓசையும் கேட்டும் கேட்காத அளவுதான். ஒரு சுருளில் பன்னிரண்டு படங்களுக்கு மேல் கிடையாது.

அடுத்து, வெளிச்சம். அவர் ஃபிளாஷ் பல்பைச் சுற்றி வழக்கமாக இருக்கும் பிரதிபலிக்கும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, பல்பை மட்டும் தனியாகப் பயன்படுத்தினார். கிண்ணம் இருந்தால் ஒளி முன்னால் மட்டும் பாய்ந்து முகத்தை வெளுக்க வைத்துப் பின்சுவரில் கன்னங்கரிய நிழலை வீசும். கிண்ணம் இல்லாத பல்பின் ஒளி எல்லாப் பக்கமும் பரவி, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும். சிறிய அறைகளில் இதன் பயன் பெரிது. சோபாவின் மேல் விரித்த துணி, சுவரில் தொங்கும் கிறிஸ்துவின் படம், பிள்ளைகளின் பள்ளிப் படங்கள், தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்த பொம்மைகள் என அனைத்தும் முகத்துக்கு நிகரான தெளிவோடு பதிகின்றன. ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டை இருண்ட மூலையாகக் காட்டுவதற்கு எத்தனையோ வழிகள் உண்டு; அவ்வீட்டுக்காரர் அதை எவ்வளவு அக்கறையோடு வைத்திருக்கிறார் என்று காட்டுவதற்கு இந்த வெளிச்சம் வேண்டும். அவர் இதைத் தெரிந்தே தேர்ந்தார் என்றுதான் நான் கருதுகிறேன். கோயா, கேத்தே கோல்விட்ஸ் ஆகிய ஓவியர்களைக் கொண்டாடியவர் அவர். இருளை வைத்து உணர்ச்சியை எழுப்புவது எப்படி என்பது அவருக்குத் தெரியாததல்ல. அது தெரிந்திருந்தும் அறையை வெளிச்சத்தால் நிரப்பினார்.

படத்தைக் கழுவி, பிரதி எடுத்து முடித்ததும் அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது ஒரு பிரதியை உரியவரிடம் கொடுத்துவிடுவார். அதற்குப் பணம் வாங்குவதில்லை.

வைகைக்கரை எழுதியது:

இருவர் எழுதியதையும் ஊன்றிப் படித்தேன். ரோகோவினின் மீது மதிப்பு உண்டு. ஆனால் இந்தப் புகழ்ச்சியில் சில கேள்விகள் அடிபட்டுப் போகின்றன.

முதலாவது, பயன் பற்றியது. லூயிஸ் ஹைன் 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஊர் ஊராகச் சென்று, பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களைப் படமெடுத்தார். வயதையும் உயரத்தையும் வேலை நேரத்தையும் குறித்துக்கொண்டு, அவற்றைச் சட்டத்துக்கான சான்றாக மக்கள் முன் வைத்தார். அவருடைய படத்தில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. யார்மீது என்பதும் தெரிகிறது. ரோகோவினின் படங்களிலோ எல்லாரும் நிமிர்ந்து நிற்கிறார்கள், எல்லாரும் கண்ணியமாகத் தோன்றுகிறார்கள். சுரண்டல் எங்கே இருக்கிறது? நாள் முழுவதும் உலை முன் நின்ற உடலின் வலி எங்கே? தன்னைப் பிறர் எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோமோ அப்படித்தான் எவரும் கேமரா முன் நிற்போம். கஷ்டத்தை மறைத்துக்கொள்வது உழைப்பாளியின் இயல்பு. அந்த மறைப்புக்கு ரோகோவினின் முறை துணை போகிறது என்று சொல்ல இடமிருக்கிறது.

இரண்டாவது, பெயர். அவருடைய பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பு கிடையாது. எடுக்கப்பட்டவரின் பெயரும் கிடையாது. எந்த வரிசையைச் சேர்ந்தது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். பணக்காரர்களுக்கு அவர்களுடைய படப்பிடிப்பாளர்கள் இருக்கிறார்கள், நான் மறக்கப்பட்டவர்களை எடுக்கிறேன் என்ற பொருளில் அவர் சொல்லி வந்தார். மறக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் முதல் மரியாதை பெயரைச் சொல்வதல்லவா? அருங்காட்சியகச் சுவரில் ரோகோவினின் பெயர் இருக்கிறது. படத்தில் நிற்கும் பெண்ணின் பெயர் இல்லை. முறை முழுவதையும் எடுக்கப்படுபவரின் கையில் கொடுத்தார் என்று ஆலைச்சங்கு சொல்வதோடு இது எப்படிப் பொருந்தும்?

மேசைவிளக்கு எழுதியது:

வைகைக்கரை எழுப்பிய இரண்டு கேள்விகளுமே இந்த இழைக்குத் தேவையானவை. வாய்மொழி வரலாறு கற்பிப்பவள் என்பதால், பெயர் பற்றிய கேள்வியை நான் நெடுநாளாக மனத்தில் வைத்திருக்கிறேன். அதற்கு வருவதற்கு முன் எஃகு ஆலைப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் கேள்விக்கான பதில் அங்கே இருக்கிறது.

1970களின் பிற்பாதியில் ரோகோவின் பஃபலோவைச் சுற்றியிருந்த எஃகு ஆலைகளுக்குள்ளும் வார்ப்பாலைகளுக்குள்ளும் போய்த் தொழிலாளர்களைப் பணியிடத்தில் படமெடுத்தார். பிறகு அவர்களிடமே அனுமதி கேட்டு வீட்டுக்குச் சென்று, அங்கும் எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். பணியிடப் படத்தில் தலைக்கவசமும், கண்ணை மறைக்கும் தடிமனான கண்ணாடியும், வெப்பம் தாங்கும் மேலங்கியும் சேர்ந்து மனிதரை ஏறக்குறைய மூடிவிடுகின்றன. பின்னால் இயந்திரம் நிற்கிறது. பக்கத்துப் படத்தில் அதே ஆள் வீட்டுக் கூடத்தில் மனைவியோடும் பிள்ளைகளோடும், அல்லது தான் சேர்த்து வைத்த பொருள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பார்ப்பவர் இரண்டு படங்களுக்கும் இடையே கண்ணை ஓட்டி, இந்த முகம்தான் அந்தக் கவசத்துக்குள் இருந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆலை ஒரு மனிதரில் எதை மறைக்கிறது, அவரிடமிருந்து எவ்வளவை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடக் கூரிய சான்றை நான் பார்த்ததில்லை. வலியால் முகம் சுளித்த ஒரு படத்தை நாம் ஒரு நொடி இரக்கப்பட்டுவிட்டுக் கடந்துவிடுவோம். இந்த ஜோடிப் படங்கள் அப்படிக் கடந்துபோக விடுவதில்லை.

அவற்றில் பெண்களும் இருக்கிறார்கள் என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். எஃகு ஆலைகளின் நல்ல வேலைகள் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் மறுக்கப்பட்டு வந்த நிலையில், 1974இல் அமெரிக்க எஃகு நிறுவனங்களும் தொழிற்சங்கமும் அரசும் நீதிமன்றம் வழியாகச் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகே அக்கதவு ஓரளவு திறந்தது. ரோகோவின் ஆலைக்குள் போனது அதற்குச் சில ஆண்டுகளே கழித்து. கனமான காலணியும் கவசமும் அணிந்து நிற்கும் பெண், அடுத்த படத்தில் வீட்டில் தன் பிள்ளையோடு இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர்கள் என்பதால், ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வெளியே போனவர்களும் அவர்களைப் போன்றவர்களே.

ஆட்குறைப்பு மட்டுமல்ல, மூடலே வந்தது. பஃபலோவை ஒட்டிய லாக்கவானாவில் இருந்த பெத்லஹேம் எஃகு ஆலை, நல்ல காலத்தில் சுமார் 20,000 பேருக்கு வேலை கொடுத்தது. 1982 டிசம்பர் 27 அன்று, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, அங்கே எஃகு உருக்குவதை நிறுத்தப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. அப்போது எஞ்சியிருந்த வேலைகளில் 7,300 பறிபோயின. ரோகோவின் எடுத்தபோது அன்றாடமாக இருந்தவை ஐந்தாறு ஆண்டுகளில் இல்லாமல் போய்விட்டன.

இனி, பெயர். ஆலைகள் மூடப்பட்ட பின், பஃபலோ பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் மைக்கேல் ஃபிரிஷ் அதே தொழிலாளர்களைத் தேடிப் போய் நீண்ட நேர்காணல்கள் எடுத்தார். ரோகோவின் அவர்களை மீண்டும் படமெடுத்தார். இரண்டும் சேர்ந்து 1993இல் ‘போர்ட்ரெய்ட்ஸ் இன் ஸ்டீல்’ என்ற நூலாக வெளிவந்தன. அதில் அவர்கள் பெயரோடு இருக்கிறார்கள், பக்கம் பக்கமாகத் தங்கள் சொந்தச் சொற்களில் பேசுகிறார்கள். வாய்மொழி வரலாற்றில் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உரிமை பகிர்ந்தே இருக்கிறது என்ற கருத்தைப் பரவலாக்கியவர் ஃபிரிஷ். அந்தக் கருத்துக்கு ரோகோவினின் முறை இயல்பாகவே பொருந்தி வந்தது.

ஊர்க்குருவி எழுதியது:

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏழைகள் வாழும் பகுதியில் கேமராவோடு ஒரு வெளியாள் நுழைந்தால் சந்தேகம் வருவது இயற்கை. ஆலைக்குள் போக நிர்வாகத்தின் அனுமதி போதும். தெருவில் யார் அனுமதி கொடுத்தார்கள்? அந்த நம்பிக்கையை அவர் எப்படிப் பெற்றார் என்பதைத் தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆலைச்சங்கு எழுதியது:

ஊர்க்குருவி கேட்டதற்கு என்னால் இயன்றவரை விடை எழுதுகிறேன். அதில் வைகைக்கரைக்கான என் பதிலும் அடங்கும்.

அவருடைய கடைக்கு அருகில் இருந்த பகுதி லோயர் வெஸ்ட் சைடு. ஒரு காலத்தில் இத்தாலியக் குடியேறிகள் நிறைந்திருந்த அங்கே, 1970களில் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள், கறுப்பினத்தவர், பழங்குடியினர், ஏழை வெள்ளையர் என்று பல தரப்பினர் கலந்து வாழ்ந்தனர். வேலையின்மையும் குடியும் போதையும் விபச்சாரமும் அங்கே இருந்தன. நகரத்தின் மற்றவர்கள் அப்பகுதியைப் பற்றிப் பேசியது அவற்றை வைத்துத்தான். 1972 முதல் ரோகோவின் அந்த ஒரு சிறிய வட்டத்துக்குள்ளேயே, சில தெருக்களுக்குள்ளேயே, ஐந்தாண்டுகள் நடந்தார். தொடக்கத்தில் அவரைப் போலீசின் ஆள் என்றோ, உதவித்தொகையை வெட்ட வந்த நலத்துறை அதிகாரி என்றோ மக்கள் நினைத்தனர். அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. படத்தில் இருந்தவர்களுக்குப் பிரதி கொண்டுவந்து கொடுத்தார், மறுபடி வந்தார், ஆனும் பெரும்பாலும் உடன் வந்தார். ஒருவர் வீட்டுச் சுவரில் அவர் எடுத்த படம் தொங்கத் தொடங்கியதும், பக்கத்து வீட்டுக்காரர் எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்பது இயல்புதானே. நம்பிக்கை அப்படித்தான் வீடு வீடாக நகர்ந்தது.

பிரதி கொடுப்பது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். அது இல்லாதபோது என்ன ஆகிறது என்பதற்கு ஆவணப்பட வரலாற்றின் மிகப் பெரிய படமே சாட்சி. 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிப்பவர்களின் முகாமில் டோரத்தியா லாங் எடுத்த, ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் அறிந்த படத்தில் இருக்கும் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சனின் பெயர் வெளியே தெரிய 1978 வரை ஆயிற்று. தன் பெயரைக்கூட அன்று கேட்கவில்லை, பிரதி அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவில்லை, அந்தப் படத்தால் தனக்கு எந்தப் பயனும் இல்லை என்று அவர் வேதனையோடு சொன்னார். லாங் தீய எண்ணத்தோடு எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அரசுத் திட்டமொன்றின் கீழ் நெடுந்தூரம் பயணம் செய்து எடுத்துவிட்டுப் போக வேண்டிய வேலை அது. ரோகோவினோ அதே ஊரில் வாழ்ந்தார், நாளையும் அதே தெருவில் நடந்தாக வேண்டியவர். எடுக்கப்பட்டவர் படத்தைப் பார்த்து முகம் சுளித்தால் அதை நேருக்கு நேர் காண வேண்டியவரும் அவரே.

வைகைக்கரை சொன்ன மறைப்பு என்ற வாதத்தை நான் இப்படிப் பார்க்கிறேன். குடிக்கு அடிமையான ஒருவரை வீதியோரத்தில் விழுந்து கிடக்கும்போது எடுப்பது எளிது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விழுந்து கிடக்கிறார்? மீதி நேரத்தில் அவர் யார்? அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு நம்மைப் பார்க்கும் படத்திலும் அவருடைய நோயும் வறுமையும் அடங்கித்தான் இருக்கின்றன. கண்ணும் பல்லும் கையும் அவற்றைக் காட்டிவிடும். கூடவே, அவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணமும் பதிவாகிறது. கேமரா எவ்வளவு மறைந்து நின்று எடுத்தாலும் அதைப் பதிவு செய்ய இயலாது.

வைகைக்கரை எழுதியது:

மேசைவிளக்கு அம்மா காட்டிய ஜோடிப் படங்களின் வலிமையை ஏற்கிறேன். ஆனால் ஃபிரிஷ் வந்து பேச வைக்கும் வரை அந்தப் படங்கள் பெயரில்லாமல் இருந்தன என்பதும் உண்மைதானே? படம் தனியாக நிற்கும்போது அது ஒரு வகைமாதிரி ஆகிவிடுகிறது: ‘எஃகுத் தொழிலாளி’, ‘சுரங்கத் தொழிலாளி’. 1980களில், ஆவணப் படமெடுப்போருக்கான யூஜின் ஸ்மித் நினைவு நிதியும் 1983இல் கிடைக்க, அவர் ஸ்காட்லாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், கியூபா, மெக்சிகோ, சீனா, ஜிம்பாப்வே என்று பல நாடுகளின் சுரங்கத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். அந்த வரிசையில் இக்குறை எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒரே சதுரம், ஒரே நிற்கும் முறை, வேலையிடம் ஒன்று வீடு ஒன்று. உலகத் தொழிலாளர்கள் ஒரே குடும்பம் என்ற கொள்கைக்கு அது பொருந்தி வருகிறது. ஆனால் மொழி தெரியாத நாட்டில் சில வாரங்கள் மட்டும் தங்கியவருக்கு, பஃபலோவில் கிடைத்த நெருக்கம் எப்படிக் கிடைக்கும்?

இருட்டறை எழுதியது:

சுரங்க வரிசையைப் பற்றி வைகைக்கரை சொன்னதோடு பெரிதும் உடன்படுகிறேன். அவற்றில் நல்ல படங்கள் உண்டு. நிலக்கரித் தூசு படிந்த முகத்தின் கறுப்பிலும் வெவ்வேறு சாயல்களைப் பிரித்துக் காட்டும் அவருடைய அச்சுத் திறமை அங்கே உச்சத்தில் இருக்கிறது. 1962 முதல் பல கோடைகளில் அப்பலாச்சியா என்ற மலைப்பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போய், மேற்கு வர்ஜீனியா சுரங்கக் குடும்பங்களை எடுத்தபோது இருந்த பழக்கம், கடல் தாண்டி எடுத்த படங்களில் தளர்ந்துவிடுகிறது. 1967இல் கவிஞர் பாப்லோ நெருதாவுக்குக் கடிதம் எழுதி, அவருடைய ஆலோசனையின்படி சிலியின் சிலோயே தீவுக்குப் போய் எடுத்த படங்களை மட்டும் நான் விலக்கி வைப்பேன். அங்கே வீடுகளும் மரச்சுவர்களும் படகுகளும் மனிதர்களோடு சமமாகப் பேசுகின்றன. நெருதாவும் அவற்றுக்கு முன்னுரை எழுதினார்.

ஆனால் பெயர் இல்லாமை பற்றி ஒரு சொல். லோயர் வெஸ்ட் சைடில் எடுக்கப்பட்டவர்களில் சிலர் போலீசுக்கும் நலத்துறைக்கும் அஞ்சி வாழ்ந்தவர்கள். விசாரணைக் குழுவின் முன் நின்று, பிறர் பெயரைச் சொல்ல மறுத்தவர் ரோகோவின். ஒரு பெயர் தாளில் ஏறினால் அது யார் கைக்கெல்லாம் போகும் என்பதைத் தம் வாழ்க்கையிலேயே அனுபவித்த ஒருவர், தம் படங்களில் பெயரைக் குறிக்கத் தயங்கியிருந்தால் அது எனக்கு வியப்பாக இருக்காது. அதுவே காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அவருடைய காலத்தை வைத்துப் பார்க்கும்போது இந்த மௌனத்தை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மேசைவிளக்கு எழுதியது:

பெயர் இல்லாமலே ஒருவர் வகைமாதிரியாகச் சுருங்காமல் இருக்க முடியுமா என்பதுதான் வைகைக்கரையின் கேள்வியின் அடிப்படை என்று தோன்றுகிறது. முடியும் என்பதற்கு லோயர் வெஸ்ட் சைடின் பிற்காலப் படங்களைச் சான்றாக வைக்கிறேன்.

1980களின் தொடக்கத்தில் ரோகோவின் கடும் நோயிலிருந்து மீண்டு சோர்ந்திருந்தபோது, முன்பு எடுத்தவர்களைத் தேடிப் போய் மறுபடி எடுக்கலாமே என்று சொன்னவர் ஆன். கையில் முகவரிப் பட்டியல் எதுவும் இல்லை. பழைய படங்களை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, இவர் எங்கே இருக்கிறார், இந்தப் பெண் எங்கே போனாள் என்று கேட்டுக் கேட்டே கண்டுபிடித்தனர். 1984 முதல் 1986 வரை ஒரு சுற்று. 1992 முதல் 1994 வரை அடுத்தது. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு 2000 முதல் 2002 வரை இன்னொன்று. முதல் மூன்று சுற்றுகளும் 1994இல் ‘டிரிப்டிக்ஸ்’ (மும்மூன்று படங்களின் வரிசைகள்) என்ற நூலாயின. நான்காவது சுற்றுக்குப் பிறகு மூன்று படங்கள் நான்காயின.

இப்போது ஒரு வரிசையைப் பார்ப்போம். இடப்பக்கத்தில், தெரு ஓரத்தில் இளைஞர் ஒருவரும் பெண் ஒருத்தியும் ஒருவரையொருவர் அணைத்தபடி நிற்பார்கள். அடுத்ததில் பிள்ளைகள் சேர்ந்திருப்பார்கள். அதற்கடுத்ததில் பிள்ளைகள் பெற்றோரின் தோளுயரம் வளர்ந்திருப்பார்கள், அல்லது ஆண் மட்டும் படத்தில் இருக்கமாட்டார். ஏன் இல்லை என்று எந்தக் குறிப்பும் சொல்லாது: சிறையா, மரணமா, பிரிவா? பார்ப்பவர் அவளுடைய முகத்தில் தேட வேண்டும். சில வரிசைகளில் குடியிலிருந்து மீண்டு தெளிந்த முகத்தோடு நிற்பவர்களைக் காண்கிறோம். வேறு சிலவற்றில் பத்தாண்டு முப்பதாண்டாகத் தெரிகிறது. அறைகளின் பின்சுவரில் முந்தைய சுற்றில் ரோகோவின் கொடுத்த படமே சட்டமிட்டு மாட்டியிருப்பதையும் சில இடங்களில் காணலாம். ஊர்க்குருவியின் நம்பிக்கை பற்றிய கேள்விக்கு அதுவும் ஒரு விடை. சுவரிலிருந்த அந்தப் படம் வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்திருக்கிறது.

இந்த வரிசைகளைப் பார்த்தபின் எவரும் ‘ஏழை’ என்ற ஒற்றைச் சொல்லால் அவர்களைக் குறிக்கத் துணியமாட்டார்கள். ஒரே தெருவில் ஒரே ஆண்டில் எடுக்கப்பட்ட இருவர், முப்பது ஆண்டுகளில் முற்றிலும் வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். காலம் இங்கே பெயரின் வேலையைச் செய்கிறது. அதற்கு விலையாக ரோகோவின் கொடுத்தது தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகள்.

ஊர்க்குருவி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இப்போது எந்த நூலிலிருந்து தொடங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

மேசைவிளக்கு எழுதியது:

‘போர்ட்ரெய்ட்ஸ் இன் ஸ்டீல்’ நூலிலிருந்து தொடங்குங்கள். முதலில் படங்களை மட்டும் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, பிறகு நேர்காணல்களுக்கு வாருங்கள். ஆலையை வெறுத்தவர்களும் அதில் உண்டு, அதன் வெப்பத்தையும் கூட்டாளிகளையும் நினைத்து ஏங்குபவர்களும் உண்டு, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்களும் உண்டு. படத்தில் ஒருவரைப் பார்த்து நீங்கள் ஊகித்து வைத்திருந்ததை அவருடைய பேச்சு பல இடங்களில் மறுக்கும். நூலகத்தில் நூல் கிடைக்காவிட்டால், ரோகோவினின் நெகட்டிவ்களையும் தொடுபிரதித் தாள்களையும் (ஒரு சுருளின் படங்கள் எல்லாம் சிறிதாக ஒரே தாளில் அச்சானவை) ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளையும் 1999இல் பெற்றுக்கொண்ட அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தொகுப்பைத் தேடிப் பாருங்கள். தொடுபிரதித் தாள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஒரே ஆளை எடுத்த சில சதுரங்கள் அடுத்தடுத்து இருக்கும். எங்கே நிற்பது என்பதை எடுக்கப்பட்டவர் எப்படி முடிவு செய்தார் என்பதை அந்த வரிசையிலேயே பார்த்துவிடலாம்.